பழைய கான்கிரீட் தரைமேல் பேவர் பிளாக்: தண்ணீருக்கு வழி விட்டுப் போடுங்கள்

சென்னைப் புறநகரில் தனி வீடு வைத்திருப்பவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த யோசனை வந்துவிடுகிறது. கேட்டிலிருந்து போர்டிகோ வரை போட்ட கான்கிரீட் தரை இருபது, முப்பது வருஷத்தில் விரிசல் விட்டு, அங்கங்கே பெயர்ந்து, பாசி பிடித்துக் கிடக்கும். உடைத்து எடுப்பதென்றால் செலவு, சத்தம், தூசி, அப்புறம் அந்தக் கழிவை எங்கே கொட்டுவது என்ற கவலை. வெளியே தெருவோ ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயர்ந்துகொண்டே போகிறது. இதன் மேலேயே பேவர் பிளாக், அதாவது கான்கிரீட் தரைக்கல், போட்டுவிட்டால் தரையும் புதுசாகும், வாசலும் கொஞ்சம் உயரும் என்று தோன்றுவது இயல்புதான். குரோம்பேட்டையில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. விரிசலில் கால் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் எங்களுக்கு.

கான்கிரீட்டின் மேல் பிளாக் போடலாமா என்றால், போடலாம். நாங்கள் போட்டோம், மழைக்காலங்களைத் தாண்டி நன்றாகவே நிற்கிறது. ஆனால் வேலைக்கு முன் நான் பேசிய மேஸ்திரிகளும் பிளாக் விற்பவர்களும் கல்லின் வடிவம், நிறம், சதுர அடி விலை ஆகிய மூன்றைத்தான் பேசினார்கள். கல்லுக்குக் கீழே இறங்கும் தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் தாமாகச் சொல்லவில்லை. இந்த வேலை நிலைப்பதும் கெடுவதும் அந்தத் தண்ணீரைப் பொறுத்தே. எங்கள் தெருவைச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கும் பிளாக் தரைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு இது மனதில் பதிந்துவிட்டது.

பேவர் பிளாக் தரையில் ஒவ்வொரு கல்லும் தனி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 2 முதல் 4 மி.மீ. சந்து இருக்கும், அதில் நுண்மணல் இறங்கியிருக்கும். கீழே 30 மி.மீ. அளவில் ஒரு மணல் படுகை. சுற்றிலும் கற்கள் நகராமல் பிடித்துக்கொள்ளும் கரை. கார் சக்கரம் ஒரு கல்லை அழுத்தும்போது சந்தில் உள்ள மணலின் உராய்வு அந்த எடையைப் பக்கத்துக் கற்களுக்கும் கடத்துகிறது. சிமெண்டு இல்லாமலே தரை கெட்டியாக நிற்பதற்கு இதுதான் காரணம். நெதர்லாந்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செங்கல் தட்டுப்பாடு வந்தபோது தெருக்களில் கான்கிரீட் கல் பதிப்பது பரவியது. அந்த நாட்டின் பல பகுதிகளில் மண் மிருதுவானது, தரை மெல்ல அமிழ்ந்துகொண்டே இருக்கும். கல்லைப் பெயர்த்து, மணலை மட்டம் செய்து, அதே கல்லைத் திரும்பப் பதித்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குப் பெரிய வசதி. இந்த முறை முழுக்கவே கீழே தண்ணீரை வாங்கிக்கொள்ளும் அடித்தளம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் உருவானது.

கீழே கான்கிரீட் இருந்தால் அந்த நம்பிக்கை பொய்த்துவிடுகிறது. சந்து வழியாக இறங்கிய மழைநீர் கான்கிரீட்டின் மேல் போய் உட்காருகிறது. சுற்றிலும் சிமெண்டுக் கரை கட்டியாயிற்று என்றால் அது விளிம்பு வைத்த ஒரு தாம்பாளம். உள்ளே மணல் நாள் கணக்கில் ஊறும். கார் ஏறினால் ஊறிய மணல் கலங்கலாகச் சந்து வழியே மேலே பீச்சும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மணல் வெளியே போய்விடும், அந்த இடத்தில் கல் அமிழும், பக்கத்துக் கல் ஆடும். சக்கரத் தடத்தில் மட்டும் இரண்டு பள்ளம் விழுந்த வாசல்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடந்தது இதுதான். வெயில் வந்ததும் அதே தண்ணீர் கல்லின் வழியாக ஆவியாகும்போது சிமெண்டில் உள்ள சுண்ணாம்பை மேலே இழுத்து வந்து வெள்ளையாகப் பூக்க வைக்கும். ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள், மறுபடி பூக்கிறது. கீழே தண்ணீர் நிற்கும்வரை அது போகாது.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் முன்பக்கம் சுமார் 500 சதுர அடி, அதாவது 46 சதுர மீட்டர். 10 செ.மீ. மழைக்கு 4,600 லிட்டர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 49 செ.மீ. பெய்தது. அதே வாசலில் அது 22,500 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இதில் பெரும்பங்கு மேலேயே ஓடிவிடும். ஓடாமல் சந்தில் இறங்கும் சிறு பங்கே ஒரு மணல் படுகையை நாசம் செய்யப் போதும்.

அதனால் பிளாக் கடைக்குப் போவதற்கு முன் பழைய கான்கிரீட்டைப் படிக்க வேண்டும். நாங்கள் முதலில் தரையைச் சுத்தமாகக் கழுவி, ஹோஸில் தண்ணீர் விட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட்டோம். எளிய வேலைதான், ஆனால் மொத்த வேலையிலும் மிகப் பயனுள்ளது அதுதான். தண்ணீர் வீட்டுச் சுவர்ப் பக்கம் ஓடினால் மேலே எவ்வளவு அழகாக வாட்டம் (சரிவு) கொடுத்துப் பிளாக் போட்டாலும், சந்தில் இறங்கியது கான்கிரீட்டின் வாட்டத்தில்தான் ஓடும். சுவரடியில் போய் நிற்கும். கொஞ்ச நாளில் உள்ளே ஹாலின் பெயிண்ட் உரியும். வாட்டம் கான்கிரீட்டிலேயே சரியாக இருக்க வேண்டும். 10 அடிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை அங்குலம் சரிவு கேட்டை நோக்கியோ தோட்டத்தை நோக்கியோ இருந்தால் நல்லது. இல்லாத இடத்தில் சிமெண்டுக் கலவை போட்டு முதலில் வாட்டத்தைத் திருத்த வேண்டும். மணலைக் கூடக் குறையக் கொட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓரிடத்தில் ஒரு அங்குலம், இன்னோரிடத்தில் மூன்று அங்குலம் மணல் இருந்தால் அழுத்தம் பட்டதும் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு அளவு அமிழும்.

அடுத்தது விரிசல். முடி போன்ற மெல்லிய விரிசல், இரண்டு பக்கமும் ஒரே மட்டம், மிதித்தால் அசைவில்லை என்றால் கவலை வேண்டாம். மணல் படுகை அதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், அல்லது கார் ஏறும்போது பலகை மாதிரி அசைந்தால், அந்தத் துண்டு கீழே பிடிமானம் இல்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம். சுத்தியலால் தட்டினால் பொள்ளென்று கேட்கும். எங்கள் வீட்டில் வேப்பமரத்துப் பக்கம் அப்படி ஒரு பகுதி இருந்தது. வேர் தூக்கிவிட்டிருந்தது.

"மேல கல்லு வந்துட்டா எல்லாம் மறைஞ்சிடும் சார்" என்றார் மேஸ்திரி.

"மறையும் மேஸ்திரி. ஆனா அடியில ஆடிட்டேதானே இருக்கும்?" என்றேன்.

கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்து தட்டிப் பார்த்துவிட்டு, "சரி, இத எடுத்துடலாம். ஐயா நடக்குற பக்கம் வேற" என்று அவரே பிரேக்கர் மெஷினுக்கு ஏற்பாடு செய்தார். நல்ல வேலைக்காரர், காரணம் சொன்னால் கேட்பார். அந்தப் பகுதியை முழுக்கப் பெயர்த்து, மரத்தடியைச் சுற்றி மண்ணாகவே விட்டுவிட்டு, மீதியில் ஜல்லியும் டஸ்ட்டும் (கல் உடைக்கும் குவாரித் தூள்) கலந்து அடுக்கடுக்காக நனைத்து இடித்தோம். அப்படி மண்மேல் போட்ட பகுதியும் கான்கிரீட் மேல் போட்ட பகுதியும் சேரும் கோட்டில் பிற்பாடு மட்டம் மாறக்கூடும் என்பதால் அந்தக் கோடு சக்கரத் தடத்தில் வராமல் பார்த்துக்கொண்டோம்.

இப்போது உயரம். கார் நிற்கிற வீட்டு வாசலுக்கு 60 மி.மீ. கல் வேண்டும். படுகை 30 மி.மீ. ஆக மொத்தம் 90 மி.மீ., ஏறக்குறைய மூன்றரை அங்குலம். சொல்லும்போது சின்ன அளவுதான். ஆனால் கேட்டின் அடிப்பக்கம் இடிக்கும், வெல்டரைக் கூப்பிட்டு வெட்ட வேண்டும். ஏழு அங்குலமாக இருந்த போர்டிகோ படி பாதியாகிவிடும். படிகளில் ஒன்று மட்டும் குட்டையாக இருப்பது வயதானவர்களுக்கு ஆபத்து. ஏறும்போது கால் பழைய உயரத்தையே எதிர்பார்க்கும். நாங்கள் அந்தப் படியை எடுத்துவிட்டு நீளமான சரிவாக மாற்றினோம். அப்பாவுக்கு வசதியாகிவிட்டது, பின்னாளில் சக்கர நாற்காலி வேண்டியிருந்தாலும் உதவும். கழிவுநீர் சேம்பர் மூடிகளை ஒரு வரி செங்கல் வைத்து உயர்த்த வேண்டும். கல்லுக்கடியில் மூடியைப் புதைத்துவிட்டு, அடைப்பு வரும் நாளில் தேடித் தேடிப் பெயர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி. தரை உயர்ந்து சம்ப் வாய் அப்படியே இருந்தால் வாசலில் தேங்கும் தண்ணீர் குடிநீருக்குள் போகும். வெள்ளக் காலத்தில் தெருச் சாக்கடையும் அதோடு வரும். சம்ப் வாய் புதுத் தரையை விட ஆறு அங்குலமாவது உயர்ந்து, மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். இன்னொன்று, எடை. 60 மி.மீ. கல் ஒரு சதுர மீட்டருக்கு 140 கிலோவுக்குக் கிட்ட இருக்கும். மணலோடு சேர்த்தால் 190 கிலோ. எங்கள் வாசல் அளவுக்கு எட்டரை டன்னுக்கு மேல். மண்ணில் படுத்திருக்கும் கான்கிரீட்டுக்கு இது ஒன்றுமில்லை. சம்ப் மேல் மூடியிருக்கும் ஸ்லாப் கீழே வெற்றிடத்தின் மேல் நிற்கிறது. அதன் கம்பி எத்தனை வருஷம் ஈரத்தில் இருந்தது, எவ்வளவு துருப்பிடித்தது என்பது வெளியே தெரியாது. அதன் மேல் இந்த எடையும் ஏற்றிக் காரையும் நிறுத்துவது கூடாது. எங்கள் சம்ப் ஸ்லாப் முன்பே தரையை விடக் கொஞ்சம் உயர்ந்திருந்ததால் புதுத் தரையை அதன் விளிம்போடு நிறுத்திக்கொண்டோம். உங்கள் வீட்டில் ஸ்லாப் தரைமட்டத்தில் இருந்தால் ஒரு சிவில் இன்ஜினீயரை வரவழைத்துக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி தண்ணீருக்கு வழி. ஏசி பைப்புக்குச் சுவரில் ஓட்டை போடுகிறார்களே, அந்தக் கோர் கட்டிங் ஆட்களை வரச் சொன்னோம். சாக்பீஸ் வட்டம் போட்ட தாழ்வான இடங்களிலெல்லாம் மூன்று அங்குல விட்டத்தில் கான்கிரீட்டைத் தாண்டி மண் தெரியும்வரை துளை. தாழ்வான கரையோரம் 10 அடிக்கு ஒன்றாவது வருமாறு பார்த்துக்கொண்டோம். துளை போடுவதற்கு முன் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சாரக் கேபிள் எந்த வழியாகப் போகின்றன என்று குறித்துக்கொள்வது அவசியம். வீடு கட்டும்போது எடுத்த பழைய படம் ஒன்று அம்மா பீரோவில் வைத்திருந்தது இதற்குப் பெரிதும் உதவியது. துளைகளில் கழுவிய சின்ன ஜல்லியை நிரப்பி, மேலே ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்தோம். துணி தண்ணீரை விடும், மணலை விடாது. அது இல்லாவிட்டால் படுகை மணல் துளை வழியாக இறங்கி மேலே கல் குழியும்.

துளை மட்டுமே போதுமா என்பது ஊரைப் பொறுத்தது, தெருவைக்கூடப் பொறுத்தது. திருவான்மியூர், அடையாறு பக்கம் மணல். ஊற்றிய தண்ணீர் இறங்கிவிடும். கொளத்தூர், விருகம்பாக்கம் பக்கம் களிமண், மெல்லத்தான் வாங்கும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் கொஞ்சம் தோண்டினால் பாறை தட்டும். களிமண்ணிலும் பாறையிலும் துளையை நம்பி இருக்கக் கூடாது. அங்கே தண்ணீரைப் பக்கவாட்டில் நடத்திக்கொண்டு போக வேண்டும்.

அந்தப் பக்கவாட்டு வழியில்தான் பெரும்பாலான வேலைகள் கோட்டை விடுகின்றன, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே ஒரு சின்னக் கால்வாய் கட்டி, இரும்புக் கம்பி மூடி போட்டு, அதை மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் மழைநீர்த் தொட்டியோடு இணைப்பது பலரும் செய்வதுதான். மேலே ஓடி வரும் தண்ணீர் அதில் விழும். ஆனால் கால்வாயின் சுவரைக் கல்லின் மேல்மட்டம் வரை சிமெண்டால் பூசி அடைத்துவிடுவார்கள். கல்லுக்குக் கீழே கான்கிரீட் மேல் ஊர்ந்து வரும் தண்ணீர் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிடும். தாம்பாளத்தின் விளிம்பு அதுதான். கால்வாய்ச் சுவரில், பழைய கான்கிரீட்டின் மட்டத்துக்கே, அரை அங்குல பிவிசி பைப் துண்டுகளை இரண்டடிக்கு ஒன்றாகப் படுக்கையாகப் பதிக்க வேண்டும். உள்முனையில் ஜியோ துணியைச் சுற்றிக் கட்ட வேண்டும். செலவு சொற்பம். மழை நின்று வெகுநேரம் கழித்தும் அந்தக் குழாய்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவதை நான் பார்க்கிறேன். குழாய் இல்லையென்றால் அவ்வளவும் படுகைக்குள்ளேயே கிடந்திருக்கும். காம்பவுண்டு ஓரத்தில் கெர்ப் கல் (கரைக்கல்) வைத்துக் கட்டினாலும் தாழ்வான பக்கத்தில் இதே மாதிரி வழி விடுங்கள்.

மழைநீர்த் தொட்டி என்றேன். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்த அவசரத்தில் கட்டிய தொட்டிகளில் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. எங்கள் தொட்டியில் மேல் ஜல்லி முழுக்கச் சேறாக இறுகியிருந்தது. அள்ளிக் கழுவித் திரும்பப் போட்டோம். வாசல் வேலையோடு சேர்த்து இதைச் செய்துவிடுவது நல்லது. மேஸ்திரியும் ஆட்களும் இருக்கும்போதே முடிந்துவிடும். கோடையில் பின்பக்கக் கிணற்றை எட்டிப் பார்த்துக் கவலைப்படுகிற எங்களுக்கு முன்பக்கத்தில் விழும் மழை எங்கே போகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

படுகை பற்றி மேஸ்திரிக்கும் எனக்கும் நீண்ட பேச்சு நடந்தது. டஸ்ட்டில் சிமெண்டு கலந்து உலர்கலவையாகக் கொட்டி அதன் மேல் கல் வைப்பது இங்கே பழக்கம். "ஸ்ட்ராங்கா இருக்கும் தம்பி" என்பார்கள். ஈரம் பட்டதும் அது பாதி இறுகிய ஒரு தட்டாகிவிடும், தண்ணீர் இறங்காது, பளு வந்த இடத்தில் நொறுங்கும். கல்லைப் பெயர்த்துத் திரும்ப வைக்கும் வசதியும் போய்விடும். சிமெண்டு இல்லாத குவாரி டஸ்ட்டும் வேண்டாம். அதில் மாவு போன்ற துகள் அதிகம், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு சகதியாகிவிடும். கழுவிய எம் சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல், போட்டோம். கையில் எடுத்துப் பிசைந்தால் விரலில் மாவு ஒட்டக் கூடாது, அதுதான் நான் வைத்துக்கொண்ட சோதனை. சிமெண்டு தேவைப்படும் ஒரே இடம் கரை. ஓரக் கற்களையும் கெர்ப் கல்லையும் பழைய கான்கிரீட்டைக் கொத்திவிட்டுக் கலவையில் நன்றாக உட்கார வைக்க வேண்டும். கரை நகர்ந்தால் உள்ளே சந்துகள் விரியும், மணல் இறங்கும், முழுத் தரையும் தளர்ந்துபோகும்.

கல் வாங்குவது பற்றியும் கொஞ்சம். இந்தியத் தர நிர்ணயத்தில் பேவர் பிளாக்குக்கு ஐ.எஸ். 15658 என்று தனி விதி இருக்கிறது. 2006-இல் வந்த அதன் முதல் பதிப்பின்படி (2021-இல் அது திருத்தப்பட்டது) வண்டி போகாத இடத்துக்கு 50 மி.மீ. எம்30, கார் போன்ற இலகு வண்டிக்கு 60 மி.மீ. எம்35, அதற்கு அடுத்த நிலைக்கு 80 மி.மீ. எம்40; எம் எண் கல்லின் வலிமையைக் குறிக்கும். உயரம் மிச்சமாகுமே என்று 50 மி.மீ. கல்லைக் கார் நிற்கும் இடத்தில் போடச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே பதிப்பு கல் தண்ணீர் குடிக்கும் அளவு சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. சந்தையில் இரண்டு வகை உண்டு. ரப்பர் மோல்டில் ஊற்றி எடுத்தது பளபளவென்று இருக்கும், கடையில் கண்ணைப் பறிக்கும், மழையில் வழுக்கும். மெஷினில் அழுத்தி எடுத்தது சொரசொரப்பாகச் சாதாரணமாக இருக்கும், காலுக்குப் பிடிமானம் கொடுக்கும். பெரியவர்களும் குழந்தைகளும் நடக்கிற வாசலுக்கு இரண்டாவதுதான் சரி. வாங்கும்போது கல் என்று போட்டது, இறுகுவதற்கு எத்தனை நாள் தண்ணீர் காட்டியது என்று கேளுங்கள். புதுக் கல்லை லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். முனைகள் இறக்கும்போதே உதிரும்.

பதிக்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நல்ல ஆட்களுக்கு அது கைவந்தது. நூல் பிடித்து, மூலைமட்டம் பார்த்து, நேரான பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். செங்கல் வடிவக் கல்லை ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கோத்துப் போட்டால் கார் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வரிசை நகராது; வரிவரியாக அடுக்கினால் சந்துகள் மெல்ல வளையும். ஓரத்தில் கல்லில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வெட்டுத்துண்டு வரக் கூடாது, அது முதலில் பெயரும். போட்டு முடித்ததும் பிளேட் வைப்ரேட்டர், அதாவது தட்டையான அதிர்வு மெஷின், ஓட்ட வேண்டும். கீழே கான்கிரீட் இருப்பதால் எதற்கு வைப்ரேட்டர் என்று சிலர் தவிர்க்கிறார்கள். படுகை மணல் இறுகுவதும், அது சந்துக்குள் கீழிருந்து ஏறிக் கல்லைப் பிடிப்பதும் அந்த அதிர்வில்தான் நடக்கிறது. பிறகு உலர்ந்த நுண்மணலைத் தூவிப் பெருக்கி, மறுபடி வைப்ரேட்டர், மறுபடி மணல், சந்து நிறையும்வரை.

இவ்வளவும் செய்த பிறகும் என் எண்ணம் இதுதான்: முடிந்தவர்கள் கான்கிரீட்டை உடைத்துவிடுங்கள். முழுக்க முடியாவிட்டால் கொஞ்சமாவது. நாங்கள் காம்பவுண்டை ஒட்டி இரண்டடி அகலத்துக்குக் கான்கிரீட்டை வெட்டி எடுத்து மண்ணாக்கிச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வைத்திருக்கிறோம். தரையின் வாட்டத்தில் பாதி அந்தப் பக்கம்தான். மழையில் அந்த மண் வாங்கிக்கொள்ளும் தண்ணீருக்கு எந்தத் துளையும் ஈடாகாது. சின்ன வாசலாக இருந்தாலும் இப்படி ஒரு கீற்று மண்ணை மீட்டெடுக்க இடம் இருக்கும்.

உயரத்துக்காக மட்டும் மேலே மேலே அடுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. தெரு உயர்ந்தால் வாசலை உயர்த்துகிறோம், வாசல் உயர்ந்தால் வீடு பள்ளமாகிறது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குபவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு சுற்றறிக்கை அனுப்பினார். உங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கும்போது அதை நினைவூட்டி, சுரண்டிவிட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள், நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேளுங்கள். நீங்கள் வாசலில் மூன்றரை அங்குலம் ஏற்றியதை ஒரே இரவில் ஒரு தார் லாரி அழித்துவிடும்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் சந்துகளில் மணல் இறங்கியிருக்கும். தை மாதத்தில் உலர்ந்த மணலைத் தூவிப் பெருக்கி நிரப்புங்கள். எறும்பு சந்து மணலை மேலே கொண்டுவந்து குவிக்கும். எங்கே குவிக்கிறது என்று பார்த்து அங்கே உடனே நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கல் முதலில் ஆடும். கீழே கான்கிரீட் இருந்தாலும் அருகம்புல் முளைக்கத்தான் செய்யும், கையால் பிடுங்கினால் போதும். பிரஷர் வாஷரைச் சந்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள், மணல் முழுக்க வெளியே வந்துவிடும். கேட்டோரக் கால்வாயின் கம்பி மூடியைப் புரட்டாசியிலேயே தூக்கி, வேப்பிலைச் சருகையும் மண்ணையும் அள்ளிவிடுங்கள்.

கல் வாங்கும்போது ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் கூடுதலாக வாங்கிப் பின்பக்கம் அடுக்கி வையுங்கள். அடுத்த முறை வரும் லோடில் நிறம் ஒத்துப்போகாது. பதிக்கத் தொடங்குவதற்கு முன், கேட்டிலிருந்து வீட்டுச் சுவர் வரை பழைய கான்கிரீட்டில் ஒரு காடி வெட்டி இரண்டு அங்குல பிவிசி பைப் ஒன்றைக் காலியாகப் புதைத்து, இரண்டு முனைகளையும் மூடியால் அடைத்துவிடுங்கள். கேட் விளக்கு, கேமரா, மின்சாரக் காருக்கு சார்ஜர் என்று பிறகு எது வேண்டுமானாலும் வயர் அதன் வழியாகப் போய்விடும். கல்லைப் பெயர்த்துக் கான்கிரீட்டையும் வெட்ட வேண்டிய தேவை வராது.